வெள்ளைக் குன்று சிரித்த நாள்

அந்தக் காலத்தில் மேகத்துக்குக் காது உண்டு, மீனுக்குப் பேச்சு உண்டு, மலைக்கும் குன்றுக்கும் கோபதாபம்கூட உண்டு. மழை வேண்டுமென்றால் மலையுச்சிக்கு ஏறிப் போனால் போதும். அங்கே இளைப்பாற இறங்கியிருக்கும் மேகத்திடம், "இன்னைக்கு எங்க பக்கம் வந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வருவார்கள். மனசு இருந்தால் வரும். இல்லாவிட்டால், "நேத்துத்தானே வந்தேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவ்வளவு சகஜமாகப் புழங்கிய காலம் அது.

அந்தக் காலத்திலும் ஒரே ஒரு ஆள் மட்டும் யாரோடும் பேசுவதில்லை. அதுதான் வெள்ளைக் குன்று. ஓர் ஏரிக்கரையில் நின்றது. உச்சியிலிருந்து அடிவரைக்கும் சுண்ணாம்புக்கல். ஒரு பொந்து கிடையாது, ஒரு விரிசல் கிடையாது. ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தால்கூட அது ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி சீக்கிரமே எழுந்து போய்விடும். அப்படி ஒரு கடுகடுப்பு. சிரிப்பு என்றால் என்னவென்றே அந்தக் குன்றுக்குத் தெரியாது.

ஏரிக்கரையில் இருந்த ஊர் கரையூர். மீன்பிடிக்கிறவர்கள் ஊர். நடுவில் ஒரு மலைத்தொடர். அதைத் தாண்டினால் அந்தப் பக்கம் உலைமேடு. அது செம்பு உருக்குகிறவர்கள் ஊர். ஒச்சாயி பிறந்தது கரையூரில், வாக்கப்பட்டது உலைமேட்டில். அவளுடைய அண்ணன் காத்தமுத்து வருஷம் தவறாமல் ஒரு கூடை கருவாட்டைத் தலையில் வைத்து, மலையேறி இறங்கித் தங்கச்சிக்குச் சீர் கொண்டு வருவான். மற்ற வீட்டுக்கெல்லாம் தாய்வீட்டுச் சீர் என்றால் வெல்லமும் பழமும் வரும். ஒச்சாயிக்குக் கருவாடு. "ஒச்சாயி, உன் அண்ணன் மலை உச்சிக்கு வந்துட்டான்டி. வாசம் வந்திருச்சு" என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவளுக்கு அந்தக் கேலி கேட்கக் கேட்க மனசு குளிரும்.

உலைமேட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, புகையைத் தவிர. அவர்கள் வெட்டி எடுத்த மஞ்சள் கல்லில் செம்பு இருந்தது போலவே கந்தகமும் இருந்தது. உலையில் போட்டுச் சுட்டால் செம்பு கீழே இறங்கும், கந்தகம் புகையாகி மேலே வரும். மேலே வந்தது மேலேயே போய்த் தொலையக் கூடாதா? ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். கண் எரியும். கறிவேப்பிலைச் செடி ஒரு வீட்டிலும் பிழைக்காது. ஒச்சாயியின் கைக்குழந்தை இருமி இருமி, மூச்சு வாங்க முடியாமல் முகம் நீலம் பாரித்துவிடும். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பாள். வேறு என்ன செய்வாள் பாவம்!

ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. புருஷன் விருமனிடம் சொன்னாள்: "ஏங்க, இந்தப் புகையை நாம எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்? உலையிலேருந்து மலையுச்சி வரைக்கும் மண்ணுல குழாய் கட்டுவோம். உச்சியில ஒரு பெரிய புகைக்கூண்டு வைப்போம். புகை அப்படியே மேல போயிரும்."

விருமன் சிரித்தான். "மலைக்கே மூக்கு வைக்கப் போறியா?"

மூக்கு வைத்துவிட்டார்கள். மண் பிசைவதிலும் சுடுவதிலும் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாதே. மலைச்சரிவெல்லாம் குழாய் ஓடியது. உச்சியில் பனைமரத்தை விட உயரமாய் ஒரு புகைக்கூண்டு எழும்பியது. பிறகு ஒச்சாயி உச்சிக்கு ஏறி, அங்கே உட்கார்ந்திருந்த கரிய மேகத்தைக் கும்பிட்டாள்.

"மேகத்தண்ணே, எங்க உலைப் புகை இனிமே இங்கேதான் வரும். கொஞ்சம் எடுத்து உங்க மடியில போட்டுத் தூரமாக் கொண்டுபோய் விட்டுட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"அதென்ன ஒரு மாதிரி வாடை?" என்றது மேகம்.

"ஒண்ணுமில்லண்ணே. அடுப்புப் புகைதான்."

மேகத்துக்கு யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் குணம். கடல் ஆவி, செம்மண் தூசி, காட்டுத்தீயின் புகை, எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. இதையும் வாங்கிக்கொண்டது.

அடடா, உலைமேடு மாறியது பாருங்கள்! ஆகாயம் வெளுத்தது. கறிவேப்பிலை துளிர்த்தது. பிள்ளை இருமாமல் விடிய விடியத் தூங்கியது. ஒச்சாயி தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்ப்பாள், மூச்சு சீராக வருகிறதே என்ற சந்தோஷத்தில். ஊரே அவளைக் கொண்டாடியது. புகைக்கூண்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். புகைதான் போய்விட்டதே என்று இன்னும் புதுப்புது உலைகளை மூட்டினார்கள்.

சில வருஷம் போனது. ஒரு சீர்க் காலத்தில் ஒச்சாயி வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் அண்ணன் நிற்கிறான்! அவன் வருவது ஊரில் ஒருத்திக்கும் தெரியவில்லை. கூடையிலிருந்து வாசமே வரவில்லை.

"என்னண்ணே, கூடை?"

காத்தமுத்து கூடையை இறக்கினான். உள்ளே ஒரு கவுளி வெற்றிலை இருந்தது. வேறொன்றும் இல்லை. "வெறுங்கையோட வரக் கூடாதேன்னு கொண்டு வந்தேன் தாயி. ஏரியில மீன் இல்லை."

"தண்ணி வத்திருச்சா?"

"தண்ணிக்கு என்ன குறை? அப்படி ஒரு தண்ணி, நீ பார்த்திருக்கவே மாட்டே. அடியில கிடக்கிற கூழாங்கல்லு கண்ணுக்குத் தெரியுது. முதல்ல சாமி கொடுத்த வரம்னு விளக்குப் போட்டோம். அப்புறம்தான் வலையில ஒண்ணும் ஏறலைன்னு தெரிஞ்சுது. இந்த மழைக்காலம் முடிஞ்சதும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போறோம். சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

ஊரைக் காலி பண்ணுவதா? அப்புறம் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு என்ன இருக்கும்? ஒச்சாயி பிள்ளையை விருமனிடம் விட்டுவிட்டு, இடுப்பில் வெற்றிலைப் பையைச் செருகிக்கொண்டு, அண்ணனோடு புறப்பட்டாள்.

ஏரிக்கரைக்கு வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. இவ்வளவு அழகான தண்ணீரை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஆகாயத்தைப் பெயர்த்துக் கீழே வைத்த மாதிரி நீலம். பாசி இல்லை, கலங்கல் இல்லை, ஒரு அலை இல்லை. தவளை கத்தவில்லை. கொக்கு இல்லை. சின்ன வயதில் அவள் குதித்து விளையாடிய சேற்றுத்தண்ணீர் எங்கே, இது எங்கே! பார்க்கப் பார்க்க அவளுக்குக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது, திரும்பி ஓடவும் தோன்றியது.

கரையோரம் ஒரே ஒரு கிழட்டுக் கெண்டை மெதுவாக வந்து வாயைத் திறந்தது. "ஒச்சாயியா? என் முட்டைகளைப் பாரு தாயி. இட்ட இடத்திலேயே கிடக்கு. ஒண்ணும் கண்ணு வைக்கலை, உள்ளே குஞ்சு உருவாகலை. எங்க பாட்டன் முப்பாட்டன் முட்டையெல்லாம் பொரிஞ்ச இடம் இது." சொல்லும்போதே அதற்கு மூச்சு வாங்கியது.

பக்கத்தில் ஒரு நத்தை. ஒச்சாயி அதைத் தூக்கி உள்ளங்கையில் வைத்தாள். ஓடு வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, உள்ளே இருக்கும் சதை தெரிந்தது. "இறுக்கிப் பிடிச்சிராதே. நொறுங்கிப் போவேன்" என்றது நத்தை. அதன் குரலில் அழுகைகூட இல்லை.

அப்போது மழை வந்தது. பிறந்த ஊர் மழை ஆயிற்றே! கரையூர்ப் பெண்கள் எந்த ஊருக்கு வாக்கப்பட்டாலும், திரும்பி வந்து நனைகிற முதல் மழையை நாக்கில் ஏந்துவார்கள். அது அவர்கள் வழக்கம். ஒச்சாயியும் முகத்தை அண்ணாந்து நாக்கை நீட்டினாள்.

புளித்தது. புளிப்புக்குப் பின்னால் ஒரு வாடை. கரையூரில் வேறு யாருக்கும் அது என்ன வாடை என்று தெரியாது. ஒச்சாயிக்குத் தெரியும். எத்தனை வருஷம் அவள் சேலையிலும் தலைமுடியிலும் பிள்ளையின் மேலும் இருந்த வாடை அது! மஞ்சள் கல்லின் வாடை.

"மேகத்தண்ணே!" என்று கத்தினாள். "என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

மேகம் கீழே இறங்கி வந்தது. அதற்கும் முகம் வாடித்தான் இருந்தது. "நீ கொடுத்த புகை என் மடியில இருக்கிற தண்ணியோட சேர்ந்து புளிச்சுப் போச்சு தாயி. நெஞ்செரிச்சல் தாங்கலை. மலையைத் தாண்டினதும் குளிருது, என்னால சுமக்க முடியலை. இங்கே கொட்டிடறேன்."

"தூரமா விடச் சொன்னேனே!"

"இதுதான் நீ சொன்ன தூரம். யாருமே இல்லாத இடம்னு நினைச்சியா? ஊர் ஊராப் போறவன் நான். யாருமே இல்லாத இடம்னு ஒண்ணை இன்னும் நான் பார்க்கலை."

ஒச்சாயி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அண்ணே, இது எங்க உலைப் புகை. மலையுச்சியில கூண்டு வைக்கச் சொன்னது நான்தான்."

காத்தமுத்து தண்ணீரைப் பார்த்தபடியே, "கூண்டு வச்ச பிறகு உன் பிள்ளைக்கு இருமல் நின்னுச்சா?" என்று கேட்டான்.

"நின்னுச்சு."

"சரி" என்றான். அவன் நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். அந்த 'சரி'யைத் தாங்க முடியவில்லை.

மனசு சரியில்லாதபோது ஒச்சாயியின் கை தானாக வெற்றிலைப் பைக்குத்தான் போகும். ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்துச் சுண்ணாம்பைத் தடவினாள். வாயில் போட மனமில்லாமல் கையைக் கீழே வைத்தாள். கீழே கிடந்த நத்தை, நொறுங்கிவிடுவேன் என்று சொன்ன அதே நத்தை, விறுவிறுவென்று ஊர்ந்து வந்து அவள் விரலில் இருந்த சுண்ணாம்பை நக்கத் தொடங்கியது. பட்டினி கிடந்த பிள்ளை சோற்றைக் கண்டதைப் போல நக்கியது.

"இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டது.

ஒச்சாயி தலையைத் தூக்கினாள். எதிரே வெள்ளைக் குன்று நின்றது. யாரோடும் பேசாத குன்று. அதன் அடிவாரத்தில் உதிர்ந்து கிடக்கும் கல்லைப் பொறுக்கித்தான் கரையூர்க்காரர்கள் சுண்ணாம்பு சுடுவார்கள். உடம்பிலிருந்து ஒரு கல்லை யாரும் பெயர்த்ததில்லை. பெயர்க்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. இப்போதும் அதன் அடிவாரத்தில் ஒரு சின்னக் குட்டை மட்டும் கலங்கலாய், பாசியோடு, உயிரோடு இருந்தது. அதையும் ஒச்சாயி பார்த்தாள்.

குன்றின் முன்னால் போய் நின்றாள். "உங்களைத் தொட்ட தண்ணி மட்டும் புளிக்கலை. இந்த ஏரியை நீங்கதான் காப்பாத்தணும்" என்றாள்.

கரையூர் பிறந்த நாள் முதல் ஒரு சொல் சொல்லாத குன்று அன்று பேசியது. நிலம் அதிர்ந்தது. ஏரித்தண்ணீர் வட்டம் வட்டமாய் விலகியது.

"காப்பாத்தலாம். புளிப்பை முறிக்கிறது என் உடம்பால ஆகும். ஆனா முறிக்க முறிக்க நான் கரைவேன். நான் இங்கே கரைய, நீ அங்கே ஊதிக்கிட்டு இருந்தா, எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? போ. முதல்ல உன் வீட்டு உலையைப் பாரு."

ஒச்சாயி மலையேறி உலைமேட்டுக்கு வந்தாள். ஊரைக் கூட்டிச் சொன்னாள். யார் கேட்பார்கள்? "உங்க ஊர் மீனுக்காக எங்க பிள்ளைங்க இருமிச் சாகணுமா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேலும் தப்புச் சொல்ல முடியாது. ஒச்சாயி கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், தான் கட்டச் சொன்ன குழாயைத் தன் கையாலேயே அடியில் ஓங்கி இடித்து உடைத்தாள். புகை பழையபடி ஊருக்குள் இறங்கியது. ஏச்சென்றால் ஏச்சு, அத்தனை ஏச்சு! விருமன் கண்ணீர் வடிய இருமிக்கொண்டே, "என்னடி பண்ணினே பாவி!" என்றான்.

"கூட வாங்க. பள்ளம் தோண்டணும்."

உடைந்த குழாயின் வாயில் ஒரு பெரிய பள்ளம் தோண்டி, கரையூரிலிருந்து சுமந்து வந்த சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாள். நத்தை நக்கியதே, குட்டையைக் குன்று காத்ததே, அதை வைத்து அவளாகப் போட்ட கணக்கு. புகையை அந்தச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டார்கள். குபுகுபுவென்று கொப்பளித்தது. மறுபக்கம் வந்த புகை குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. வாடை இல்லை. பள்ளத்தின் அடியில் வெள்ளையாய் ஒரு சேறு தங்கியது. ஊரே வாயைப் பிளந்தது.

"இப்படிச் சுத்தம் பண்ணிப் பண்ணி உருக்கினா பாதி உலையைத்தான் எரிக்க முடியும்" என்றான் விருமன்.

"பாதி போதும்" என்றாள் ஒச்சாயி. மடியில் தூங்கும் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்த விருமன், அதற்கு மேல் வழக்காடவில்லை.

இனிமேல் போகும் புகை சரி. மேகத்தின் மடியில் ஏற்கெனவே புளித்துக் கிடக்கிறதே, அதற்கு என்ன செய்வது? ஒச்சாயி மறுபடி மலையேறினாள். "அண்ணே, மிச்சமிருக்கிறதை ஏரியில கொட்டாதீங்க. வெள்ளைக் குன்று மேல கொட்டுங்க" என்று மேகத்திடம் கெஞ்சினாள்.

"அது கடுகடுத்த ஆளாச்சே! ஏதாவது சொன்னா?"

"சொல்லட்டும்."

மேகம் குன்றின் தலைக்கு மேல் போய் நின்றது. கரையூரே மூட்டை முடிச்சைக் கட்டியபடி வாசலில் நின்று பார்த்தது. முதல் துளி குன்றின் உச்சியில் விழுந்தது. சுர்ர் என்று நுரைத்தது. இரண்டாவது துளி விழுந்தது. இன்னும் நுரைத்தது. பிறகு ஒரேயடியாகக் கொட்டியது மழை. குன்றின் தோளெல்லாம், முதுகெல்லாம், இடுப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கியது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. முதலில் இடி என்றுதான் நினைத்தார்கள். இடி இல்லை. குன்று சிரிக்கிறது!

பிறந்ததிலிருந்து யாரும் தொடாத, மேகம்கூடப் பயந்து ஒதுங்கிப் பெய்த உடம்பு அல்லவா? கூச்சம் தாங்கவில்லை. "ஐயோ போதும், ஐயோ கூசுது!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க உடம்பில் விரிசல் விட்டது. விரிசல் வழியே புளித்த மழை உள்ளே இறங்கியது. உள்ளே இறங்கி வயிற்றைத் தொட்டதும் இன்னும் அடக்கமாட்டாத சிரிப்பு. மரங்கள் குலுங்கின. மலைக்கு அந்தப் பக்கம் உலைமேட்டில் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. கரையூர்க்காரர்கள் மழையில் நனைந்தபடி, சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல், கைகூப்பி நின்றார்கள். ஒரு குன்று தன்னைக் கரைத்துக்கொண்டு இப்படிச் சிரிக்கும் என்று யார் கண்டது!

கடைசியில் குன்றின் அடிவாரத்தில் ஒரு வாய் திறந்தது. அதிலிருந்து தண்ணீர் குதித்து வந்தது. ஒச்சாயி ஓடிப்போய் அள்ளி நாக்கில் வைத்தாள். புளிப்பு இல்லை. கல்லின் குளிர்ச்சிதான் இருந்தது. அந்தத் தண்ணீர் நேராக ஏரிக்குள் போய்ச் சேர்ந்தது.

மடி காலியான மேகம் பஞ்சு மாதிரி வெளுத்து மேலே போனது. போகும்போது, "இனிமே மனுஷங்க சொல்ற பேச்சைக் கேட்கவே மாட்டேன்" என்று காதை மூடிக்கொண்டது. இன்றுவரை திறக்கவில்லை, நீங்கள் கூப்பிட்டுத்தான் பாருங்களேன். ஆனால் பாவம், காதைத்தான் மூட முடிந்தது. கீழிருந்து எந்தப் புகை வந்தாலும் வாங்கிக்கொள்ளும் மடியை மூட அதற்குத் தெரியவில்லை.

ஏரி உடனே மாறிவிடவில்லை. கரையூர்க்காரர்கள் கட்டிய மூட்டையை அவிழ்க்காமலே காத்திருந்தார்கள். ஒரு காலையில் காத்தமுத்து கரைக்குப் போனவன், துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக் கத்திக்கொண்டே ஓடி வந்தான். "கலங்கிருச்சு! ஏரி கலங்கிருச்சு! பாசி பிடிச்சிருச்சு!" ஊரே ஓடியது. அடி தெரியவில்லை. பச்சையாய், அழுக்காய், எதுவோ உள்ளே அசைந்துகொண்டிருந்த அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பெரிய பெரிய ஆம்பிளைகள் எல்லாம் அழுதார்கள். கிழட்டுக் கெண்டை கரைக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னது. "கண்ணு வச்சிருக்கு." மூட்டையை அன்றைக்குத்தான் அவிழ்த்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சீர்க் காலம். ஒச்சாயி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். "ஒச்சாயி! உன் அண்ணன் உச்சிக்கு வந்துட்டான்டி!"

ஒச்சாயி வாளியைப் போட்டுவிட்டு அந்த வாசத்தை நோக்கி ஓடினாள்.

திரும்பிப் போகும் அண்ணனோடு அவளும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கரையூருக்குப் போனாள். குன்றுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? அடிவாரத்தில் திறந்த வாய் ஆள் நுழையும் அளவுக்கு அகலமாகியிருந்தது. உள்ளே நுழைந்தவள் திகைத்து நின்றாள். ஒரு பொந்துகூட இல்லாமல் இருந்த குன்றின் வயிற்றில் இப்போது ஒரு ஊரையே குடிவைக்கலாம். அவ்வளவு பெரிய கூடம். விரிசல் வழியே வந்த வெளிச்சத்தில் சுவரெல்லாம் மின்னியது. மேலேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு திரளும் இடத்தில் கூரையிலிருந்து கல் விழுதுகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. சொட்டு விழும் இடத்தில் தரையிலிருந்து கல் முளைகள் மேலே வந்துகொண்டிருந்தன.

ஒச்சாயிக்குக் கண் கலங்கியது. "இவ்வளவையா கொடுத்தீங்க? வலிக்குதா?"

"முதல்ல கூசுச்சு. அப்புறம் சிரிப்பு வந்துச்சு. இப்போ வேலை" என்றது குன்று. அதன் குரலில் கடுகடுப்பு இல்லை. "கரைஞ்சதில கொஞ்சம் ஒவ்வொரு சொட்டுலயும் திரும்பி வருது. அதை எடுத்து எடுத்து என்னைக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

"எப்போ கட்டி முடிப்பீங்க?"

"உன் பிள்ளை பார்க்காது. அதோட பிள்ளையும் பார்க்காது. நீங்க எல்லாரும் கழுவாத புகையை விடாம இருந்தா ஒருநாள் முடியும்."

கையைப் பிடித்து நின்ற பிள்ளை, மேலே தொங்கும் விழுதைக் கண்டு சந்தோஷமாய்க் கூவ வாயைத் திறந்தது. "உஸ்ஸ்" என்றது குன்று. "சத்தம் போடாதே கண்ணு. ஒரு சொட்டு வைக்கப் போறேன்."

பிள்ளை வாயை மூடிக்கொண்டது. ஒச்சாயி மூச்சை அடக்கினாள். மேலே விழுதின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது, நடுங்கியது, விழுந்தது. குன்று ஒரு துளி வளர்ந்தது.

அன்று முதல்தான் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு உள்ளே வயிறு குடைந்து கிடக்கிறது. அன்று முதல்தான், எப்பேர்ப்பட்ட வாயாடியாக இருந்தாலும், அந்தக் குகைக்குள் கால் வைத்ததும் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். குன்று இன்னும் கட்டி முடிக்கவில்லை.